துக்கேன் என்னும் பெயர்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே வழக்கில் பேரன் ஆயிற்று. ஒரே பெயர் வழிவழியாக வருவது குடும்பத்திற்குப் பெருமை. வரலாறு பயில்வோர்க்கோ அதுவே மயக்கம் தருவது. அத்தகைய பெயர் ஒன்றை இங்கு நோக்குவோம்.

1690-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் துக்கேன் என்னும் பிரெஞ்சுத் தளபதி ஆறு கப்பல்களுடன் புதுச்சேரிக்கு வந்தார். சென்னைக் கடலில் ஆங்கிலேய, டச்சுக் கப்பல்களோடு பொருதார். வெற்றி எவர்க்கும் உறுதியாகவில்லை. இவரையே புகழ்மிக்க ஆபிரகாம் துக்கேன் என்று கொள்ளுதல் பொருந்தாது. அப்பெருவீரர் 1688-இலேயே பாரிஸில் மறைந்துவிட்டார். புதுச்சேரிக்கு வந்தவர் அவருடைய உடன்பிறந்தார் மகன். அவர் பெயரும் ஆபிரகாம் என்பதே.

மூத்தவர் தியெப் துறைமுகத்திற் பிறந்தவர். 1676-இல் சிசிலித் தீவின் அருகே டச்சுத் தளபதி ரய்ட்டரை எதிர்த்து நின்றார். அப்போரிற் பட்ட காயத்தால் ரய்ட்டர் உயிர் நீத்தார். எனினும், மார்ஷல் பட்டம் துக்கேனுக்குக் கிட்டவில்லை. அவர் புராட்டஸ்டண்டு சமயத்தவர். மன்னர் பதினான்காம் லூயியோ கத்தோலிக்கர். உயர்வுக்காக மதம் மாற அவர் இசையவில்லை. 1685-இல் அச்சமயத்தாரின் உரிமைகளை மன்னர் பறித்தபோது, துக்கேன் மட்டும் தம் நம்பிக்கையோடு நாட்டில் வாழ விடப்பட்டார். இறந்தபின் அச்சலுகையும் இல்லை: உடலை மகன் ஆன்ரியிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டனர். மகன், சுவிட்சர்லாந்தின் ஓபோன் என்னும் ஊரில், உடலில்லாக் கல்லறை ஒன்றை எழுப்பினார்.

பெயர் மட்டும் கடல் கடந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு துக்கேன் 1752 முதல் 1755 வரை கனடாவில் பிரெஞ்சு ஆளுநராயிருந்தார். 1754-இல் ஒஹாயோ ஆறு தோன்றும் இடத்தில் எழுந்த கோட்டை அவர் பெயரைப் பெற்றது. 1758-இல் அவ்விடம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்றைய பிட்ஸ்பர்க் நகரம் அங்கேதான் வளர்ந்தது. அந்நகரின் கத்தோலிக்கக் கல்லூரி 1911-இல் துக்கேன் பல்கலைக்கழகம் எனப் பெயர் பூண்டது. கத்தோலிக்கராக மறுத்த வீரரின் குடும்பப் பெயர் கத்தோலிக்கக் கலைக்கூடத்தின் வாயிலில் நிற்கிறது!

பிரான்சும் பின்னாளில் அவரைப் போற்றியது. 1844-இல் தியெப் நகரில் அவருக்குச் சிலை எழுந்தது. போர்க்கப்பல்கள் பல அவர் பெயரைச் சுமந்தன. ஒரு மனிதனின் பெயரைப் போற்றுவது எளிது. அவன் கொள்கையை அவன் வாழ்நாளிலேயே மதிப்பதுதான் அரிது.

தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நாமும் பிள்ளைகளுக்குப் பாட்டன் பெயரை இடுகிறோம். பெயரோடு அவர் வாழ்ந்த வாழ்வையும் சொல்லி வைப்போமாக.