டிரபால்கர் யுத்தமும் நேரிற் கண்டார் கூற்றும்

1805-ம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ம் தேதி, ஸ்பெயின் தேசத்து டிரபால்கர் முனைக்கருகே 27 ஆங்கிலப் பெரும்போர்க்கப்பல்கள், பிரெஞ்சு ஸ்பானியக் கப்பல்கள் 33-ஐ எதிர்த்து வென்றமை வாசகநேயர் அறிந்ததே. அன்று குண்டுபட்ட படைத்தலைவர் நெல்ஸன் பிரபுவின் அந்திய காலத்தை, 'விக்டரி' கப்பலின் வைத்தியர் பீட்டி என்பார் அருகிருந்து கண்டவாறே எழுதி 1807-ல் நூலாக வெளியிட்டனர். மூன்று மணி நேரத்திற்கு மேல் அவருயிர் ஊசலாடிற்று. தம்மால் ஆவதொன்றில்லையென்று அவரிடமே உரைக்க நேர்ந்ததையும் வைத்தியர் மறைத்தாரில்லை. யாம் அவரை நம்புவது இதனாலேயே.

1826-ல், நெல்ஸனைச் சுட்டவன் யானேயென ஒரு பிரெஞ்சு வீரன் பெயரால் சுயசரிதையொன்று வெளிவந்து பலரை மயக்கிற்று. அஃதோ முற்றுங் கற்பனை! அதனை இயற்றினவரே பின்னர் ஒப்புக்கொண்டனர். பீட்டியோ முதுகுத் தசையிற் றைத்திருந்த குண்டைத் தாமே எடுத்தார். தோளணியின் பொற்சரிகை அதில் ஒட்டியிருந்தது.