பரிக்கு லாடம் கட்டுவார் யார்?

பினாங்கு நகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என இந்நாளில் வழங்கும் வீதி, முன்னர் ஆங்கில முதன்மந்திரியார் ஒருவரின் பெயரால் பிட் வீதி எனப்பட்டது. 1801-ஆம் ஆண்டில் அப்பள்ளிவாசலுக்கு அடிகோலிய காதர் முகைதீன், சோழமண்டலக் கரையிலுள்ள பறங்கிப்பேட்டையினின்று வந்தவர்; அவரே அக்கப்பித்தான். தோட்டத்தில் விடுமுறை கிடைக்குந்தோறும் யான் இவ்வீதியில் நடப்பதுண்டு. மோட்டார்கள் நெருங்கிச் செல்லும் இவ்விடத்தில் 19-ஆம் நூற்றாண்டிலே குதிரை வண்டிகள் ஓடின. சுமாத்திராவினின்று கொணர்ந்த டெலி மட்டக்குதிரைகள் அவற்றை இழுத்தன. கல்லிட்ட பாதையில் ஓடும் குதிரைக்குக் குளம்பு தேயும், தேய்ந்தால் நொண்டும், ஆதலின் இரும்பு லாடம் வேண்டும். லாடம் கட்டுவதற்கோ குதிரை தன் காலைக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுக்கும் குதிரையை என் செய்வது? இது வண்டிக்காரன் கவலையென்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. இத்தொழிலறிந்த கைகள் இல்லாமையால் நம் நாட்டு அரசரின் பெரும்பொன் ஒருகாலத்தில் கடல்கடந்து போயிற்று.

காதர் முகைதீன் கப்பலேறிய கீழைக்கரையின் தென்பகுதியில், அவருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகட்கு முன், காயல் என்னும் துறையில் ஓர்மூசு, ஏடன் முதலிய இடங்களினின்று குதிரைகள் வந்திறங்கின. யான் ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவன். மார்க்கோ போலோவைப் பற்றிச் சொன்ன ஆசிரியர் சீனச் சக்கரவர்த்தியின் மாளிகையோடு நிறுத்திக்கொண்டார். பாண்டிநாட்டைப் பற்றி அந்த வெனிசு வணிகர் எழுதியதை மழைபெய்து வேலை நின்ற ஒரு நாளில், தோட்டத்து ஆபீசில் இருந்துகொண்டே யான் படிக்க நேர்ந்தது. அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். ஆண்டிறுதியில் 100 குதிரைகளும் எஞ்சுவதில்லை. பேணத் தெரியாமையாலும் லாடம் கட்டி மருத்துவம் செய்வார் இல்லாமையாலும் அவை மடிகின்றன. குதிரை வணிகரோ அத்தொழிலாளரைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதையும் தடுக்கின்றனர். குதிரை சாகச் சாக அவர்கட்கு விற்பனை மிகுதி. இஃது அவர் தரும் செய்தியின் சாரம்.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு கூறுவது இன்னும் வெட்கத்திற்குரியது. ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார், வழியில் இறந்தவற்றிற்கும் அரசாங்கப் பொக்கிஷமே விலை தரவேண்டும் என்று ஒப்பந்தமாம். கணக்கெழுதும் தொழிலினன் ஆதலின் பெருக்கிப் பார்த்தேன்: 3,08,000 தினார்! வந்த குதிரைகளை 40 நாள் முளையிற் கட்டிக் கொழுக்க வைத்துப் பின்னர்ப் பழக்காமலே ஏறி ஓட்டினராம்.

வணிகர் சூழ்ச்சி பற்றிப் போலோ எழுதியது துறைமுகத்து வதந்தியாகவும் இருக்கலாம். நம் கரையின் வெப்பமும், சோற்றோடு இறைச்சி கலந்து ஊட்டிய பேதைமையும் பல குதிரைகளைக் கொன்றிருக்கும். ஆயினும் விற்றவன் மறைத்தான் என்றே கொள்வோம். வாங்கியவன் கேளாதிருந்தது ஏன்? ஒரு குதிரையின் விலையில் ஒரு லாடக்காரனைக் குடும்பத்தோடு குடியேற்றியிருக்கலாமே! குதிரையின் மேலிருப்பவனுக்குப் பெருமையும், அதன் காலடியிற் குனிபவனுக்கு இழிவும் வைத்த மனமே இதற்குக் காரணம் என்பது என் துணிபு. நரி பரியான கதையை ஆண்டுதோறும் விழாவெடுத்துக் கேட்கிறோம். பரி பிணமான கணக்கை எவரும் கேட்டிலர்.

நிற்க. லாடம் கட்டுதல் இரும்பாலும் ஆணியாலும் மட்டும் முடியும் வேலையன்று. குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போன்றது. அதில் செல்லும் ஆணி நோவதில்லை. சிறிது உள்ளே பிசகினாலோ உயிர்நிலையிற் குத்தும். அவ்வாறு ஒருமுறை குத்துண்ட குதிரை, மறுமுறை சுத்தியலைக் கண்டதும் காலை இழுத்துக்கொள்வது துஷ்டத்தனமா? என் பாட்டனார் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். காளையைக் கயிறிட்டு வீழ்த்தியே லாடம் அடிப்பர். லாடக்காரர் பெட்டியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டாலே தம் காளை நடுங்கும் என்பார். குதிரை அதனினும் அஞ்சும் பிராணி. ஓடித் தப்புவதே அதன் ஒரே காப்பு. ஒரு காலைப் பிடித்துக்கொண்டால் அக்காப்பும் போயிற்றன்றோ? மேலும் குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் கட்டவேண்டும். ஒரு நாள் பட்ட அச்சம் ஆண்டுக்கு ஏழெட்டு முறை திரும்பி வரும்.

மேலுதட்டைக் கயிற்றுச் சுருக்கிலிட்டு முறுக்கி அடக்குதல் பழைய வழக்கம். அன்றைய வேலை அதனால் முடியலாம். அடுத்த முறை அச்சம் இரட்டிக்கும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றும், அடித்தால் அச்சம் வளருமேயன்றித் தணியாதென்றும் எழுதிவைத்தார். அவர் நாட்டில் அக்காலத்தில் ஆணி லாடமே இல்லை என்பதையும் நேயர்கள் கருதுக.

தேர்ந்த கைகள் செய்வது இதுதான். முதலில் நோவுண்டா என்று பார்ப்பர். மூட்டுவாதமுள்ள கிழக் குதிரை பின்காலை உயரத் தூக்கமாட்டாது. அதன் காலைத் தாழவே பிடித்து அடிக்கடி இறக்கி இளைப்பாற விடுவர். அச்சமே காரணமாயின், லாடக்காரர் வருவதற்குப் பல நாள் முன்னரே குதிரைக்காரன் தொடங்குவான். கழுத்தில் வைத்த கையைத் தோள்வழியே மெல்லக் கீழிறக்கிக் கணுக்கால்வரை தடவுவான். காலை ஒரு நொடி உயர்த்துவான். குதிரை இழுக்குமுன் தானே இறக்கிவிடுவான். இந்த முந்திக்கொள்ளலிலேதான் நுட்பம் இருக்கிறது. குதிரை இழுத்தபின் விட்டால், இழுத்தால் விடுவார்கள் என்பதையே அது கற்கும். நாளடைவில் நொடி நிமிடமாகும். பின்னர் உள்ளங்கையால் குளம்பைத் தட்டுவான், அதன்பின் சிறு சுத்தியலால். காய்ந்த லாடம் குளம்பிற் பட்டு எழும் புகைக்கு மிரளும் குதிரைக்கு ஆறிய லாடமே பொருத்துவர். பழகிய ஒருவன் தலைப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பான். முன்கால் இரண்டும் முடிந்ததும் குதிரை வியர்த்து நடுங்கினால் பெட்டியை மூடிவிடுவர். பின்கால்களை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.