டெல்லி மஞ்சள் காமாலையும் பெயர் தெரியாத வைரஸும்

இந்த முறை கொஞ்சம் மருத்துவ வரலாறு. காமர்ஸ் படிப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். நடுவில் நம் பாடமும் வரும்!

1955-ல் டெல்லியின் குடிநீருக்கு யமுனையைத்தான் நம்பியிருந்தார்கள். வஜீராபாத்தில் ஆற்று நீரை இறைத்து, சுத்திகரித்து ஊருக்குள் அனுப்பினார்கள். அதற்குச் சற்றுக் கீழே, நகரத்துச் சாக்கடையைச் சுமந்து வரும் நஜஃப்கர் கால்வாய் ஆற்றில் கலக்கிறது. தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும், சாக்கடை எப்படி மேலே ஏறி வரும் என்ற தைரியம். ஆனால் அந்த ஆண்டு வெள்ளம் வடிந்தபோது யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. இறைக்கும் இடத்தை விட்டு ஆறு விலகிவிட, சாக்கடை பின்னோக்கி வந்து அங்கே சேர்ந்தது. நவம்பரில் சுமார் ஒரு வாரம் ஊருக்குள் போன தண்ணீரில் அதுவும் கலந்திருந்தது.

நிலையத்தில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டிப் போட்டார்கள். பலனும் தெரிந்தது. டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு எதுவும் பெரிதாக அதிகரிக்கவில்லை. அப்பாடா என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

நமக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்களே, ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை என்று. அதேதான் இங்கேயும். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றது. சாக்கடையின் அழுக்கே குளோரினில் ஒரு பகுதியைத் தின்றுவிட, மீதிக்கு வைரஸ் தப்பித்துக்கொண்டது. இந்த நோய் உடலுக்குள் போய் வெளியே தெரிய 2 முதல் 10 வாரம் வரை ஆகும். அதனால் டிசம்பரில்தான் கண்கள் மஞ்சளாகத் தொடங்கின. 1956 ஜனவரி முடிவதற்குள் 29,000-க்கும் மேற்பட்டோருக்குக் காமாலை! டாக்டர் விஸ்வநாதன் இதை விரிவாக ஆராய்ந்து 1957-ல் வெளியிட்டார். கர்ப்பிணிகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதும் அப்போதே தெரிந்தது.

எல்லோரும் இதை ஹெபடைடிஸ் ஏ என்றே நினைத்தார்கள். மஞ்சள் காமாலை என்பது அறிகுறிதான், அதைக் கொண்டுவரும் வைரஸ்கள் பல. ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வாய்க்குள் போகும். பி, சி இரண்டும் ரத்தம், சுத்தம் செய்யாத ஊசி வழியாகப் பரவும். பி உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். டி தனியாக வராது, பி இருந்தால்தான் அதற்கு வாழ்வு.

1980-ல் டெல்லி நோயாளிகளின் பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது அது ஏ இல்லை என்று தெரிந்தது. 1978-ல் காஷ்மீரில் பரவிய காமாலையை ஆராய்ந்த டாக்டர் குரூவும் இது வேறொரு வைரஸாக இருக்கவேண்டும் என்று அதே ஆண்டில் எழுதினார். பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் நம்பமுடியாத விஷயம். ஆப்கானிஸ்தானில் சோவியத் ராணுவ வீரர்களுக்குக் காமாலை வந்தது. மிகயீல் பலாயன் என்ற ரஷ்ய விஞ்ஞானி 9 நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடித்தார்! ஏ வைரஸுக்கு அவருக்கு ஏற்கெனவே எதிர்ப்புசக்தி இருந்தது. அப்படியும் 36-ம் நாள் காமாலை வந்தது. அவருடைய மலத்திலேயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் புதிய வைரஸைப் பார்த்து 1983-ல் வெளியிட்டார். 1990-ல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஹெபடைடிஸ் இ என்ற பெயர் நிலைத்தது.

பெயர் கிடைக்க 35 வருடம் ஆகியிருக்கிறது. ஆனால் தடுக்கும் வழிக்குப் பெயர் தேவைப்படவில்லை. குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சாக்கடை வரக்கூடாது, சந்தேகம் வந்தால் கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும், கழிப்பறைக்குப் போய்வந்தால் சோப்பால் கை கழுவவேண்டும். ஏ, பி இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. சி-க்கு ஊசி கிடையாது, ஆனால் மாத்திரையில் குணமாக்கலாம். பி ஊசி போட்டிருக்கிறேனே என்று தெருக்குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்காதீர்கள், அது இ-யைத் தடுக்காது.

இ-க்கும் ஒரு தடுப்பூசிக்குச் சீனா 2011-ல் அனுமதி கொடுத்தது. ஆனால் நோய் பரவும் இடத்தில் அதை முதன்முதலாகப் பயன்படுத்தியது 2022-ல்தான், தெற்கு சூடானின் பெண்டியுவில், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் முகாமில். பிரசவத்துக்கு முந்தைய கடைசி மூன்று மாதங்களில் இந்த நோய் வந்தால் 20 முதல் 25 சதவீதம் பேர்வரை இறக்க நேரலாம். அதனால் அந்த முகாமில் கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட்டார்கள்.