சோழவந்தான் வட்டாரத்தில் வளரிளம் பருவ நலச் சேவைகள்: மறைவு என்னும் தேவை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தமிழ்நாட்டைப் பற்றித் தரும் இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 98 பேர் மாதவிடாய்க் காலத்தில் சுகாதாரமான முறையைக் கையாளுகிறார்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. முதல் எண்ணுக்குப் பின்னால் சந்தையும் இருக்கிறது, 2011-12இல் தொடங்கி ஊரகப் பெண்பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் கொடுத்துவரும் ‘புதுயுகம்’ திட்டமும் இருக்கிறது. இரண்டாவது எண் முந்தைய சுற்றிலிருந்து பெரிதாக அசையவில்லை. கையில் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி முடிக்கக்கூடிய வேலைகளை நம் நிர்வாகம் நன்றாகவே செய்கிறது. தொடர்ந்து சாப்பாடு போடுவதும், கூச்சமில்லாமல் கேட்க ஓர் இடம் அமைப்பதும் அப்படி முடிகிற வேலைகள் அல்ல. வளரிளம் பருவ நலக் கல்வி தடுக்கி நிற்பது அங்கேதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சோழவந்தானை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வைகைக் கரையில், மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சி ஒதுக்குப்புறமான ஊர் அல்ல. ரயில் நிலையம் உண்டு, டவுன் பஸ் உண்டு, பள்ளிகள் உண்டு, பக்கத்துத் திருவேடகத்தில் கல்லூரியும் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையும் நெல்லும் தென்னையும் ஊருக்குச் சோறு போடுகின்றன. ‘வசதி எட்டாத மலைக்கிராமம்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. சேவைகள் கிட்டத்தில் இருந்தும் பிள்ளைகள் ஏன் அவற்றைத் தேடிப் போவதில்லை என்று கேட்க இது தோதான இடம்.

ஒன்றிய அரசின் தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014 ஜனவரி 7 அன்று தொடங்கப்பட்டது. 10 முதல் 19 வயது வரையுள்ளோர் அதன் வரம்பு. ஊட்டச்சத்து, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், மனநலம், காயங்களும் வன்முறையும், போதைப்பொருள், தொற்றா நோய்கள் என ஆறு துறைகளை அது எடுத்துக்கொண்டது. காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் எழுதுவது கடினம். 2020 பிப்ரவரியில் பள்ளி நலத் திட்டம் வந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் ‘நலத் தூதுவர்’ ஆனார்கள். இதற்கு முன்பே, 2012-13 வாக்கில், வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் வந்துவிட்டது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட அந்த நீல மாத்திரையைத் தெரியாத அரசுப் பள்ளி மாணவி இருக்க முடியாது.

அந்த மாத்திரையிலேயே சற்று நிற்போம். சாப்பிட்ட பிறகே அதை விழுங்க வேண்டும் என்பது விதி. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு பிசையும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில்தான் தொடங்கியது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு இன்று பத்தாம் வகுப்பு வரைதான். மாத்திரை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறது. ஆக, உடல் வேகமாக வளர்ந்து, மாதாமாதம் இரத்தமும் இழக்கிற பதினாறு வயதில், ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்று மாணவிக்கு அரசின் சாப்பாடு நின்று மாத்திரை தொடர்கிறது. காலையில் டீயைக் குடித்துவிட்டு பஸ் பிடிக்கிற பெண் அதை ஜன்னல் வழியே எறிந்தால் அதற்கு ‘விழிப்புணர்வின்மை’ என்று பெயர் வைப்பது நியாயமில்லை. தேயிலை இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதையாவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சோழவந்தானில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படர்வது அகத்தி மரத்தில். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் நிறைந்த அந்தக் கீரையில் பெரும்பகுதி ஆட்டுக்குப் போகிறது. கீரையின் இரும்பை உடல் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது உண்மை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. இவ்வளவு எளிய செய்தியை ஊரின் சொந்தப் பயிரைக் காட்டிச் சொல்லும் பாடம் எதுவும் கிடையாது. பாடநூல் மாநிலம் முழுமைக்கும் ஒன்று.

அடுத்து, பேச்சு. பெண் வயதுக்கு வந்ததை இந்த வட்டாரம் ஒளிப்பதில்லை. சடங்குக்குத் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள், தாய்மாமன் சீர் மேளத்தோடு வருகிறது, மொய் நோட்டில் பெயர் ஏறுகிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையுமாகச் சில வாரங்கள் நல்ல கவனிப்பும் நடக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஊருக்கே அறிவிக்கப்பட்ட உடலைப் பற்றி அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மெடிக்கல் கடையில் நாப்கின் இன்னும் செய்தித்தாளிலோ கறுப்புக் கவரிலோ சுற்றித்தான் வருகிறது. பள்ளியில் அது ‘வயிற்று வலி’, வீட்டில் ‘தூரம்’.

தமிழர்களுக்குக் கேட்கத் தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. வார இதழ்களின் மருத்துவர் பதில் பகுதிகளும், விஜய் தொலைக்காட்சியில் டாக்டர் மாத்ருபூதம் நடத்திய ‘புதிரா புனிதமா’வும் கேள்விகளாலேயே ஓடின. பெயர் தெரியாது என்ற உறுதி கிடைத்த இடத்தில் எல்லாம் கடிதங்கள் குவிந்தன. குறை வாயில் இல்லை, கேட்கும் இடத்தில்தான்.

சிறு நகரத்தில் இந்த இடத்தை அமைப்பது பெருநகரத்தைவிடக் கடினம். திட்ட ஆவணங்கள் இரகசியக் காப்பு என்றால் தனி அறையும் திரைச்சீலையும் என்று எடுத்துக்கொள்கின்றன. சோழவந்தான் போன்ற ஊரில் இரகசியம் போவது அறைக்குள் அல்ல, ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில். வரிசையில் முன்னால் நிற்பவர் சித்தப்பாவாக இருப்பார், சீட்டு எழுதுபவர் தெருக்காரராக இருப்பார். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’ என்றும் பால்வினை நோய்க்கு ‘சுகவாழ்வு மையம்’ என்றும் இதமான பெயர்களே வைக்கப்பட்டன. பலகை மாட்டிய சில ஆண்டுகளில் அந்தக் கதவைத் திறப்பவர் எதற்காகத் திறக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வளரிளம் பருவத்தினருக்கென்று தனிப் பலகையும் தனி அறையும் வைத்தால் அதற்கும் இதே கதிதான். அதனால்தான் உள்ளூர் மருத்துவமனையைத் தாண்டி, பஸ் ஏறி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ, முன்பின் தெரியாத ஒரு மெடிக்கல் கடைக்கோ போவது இளைஞர்களுக்குப் பத்திரமாகப் படுகிறது. பெரியாஸ்பத்திரியின் கூட்ட நெரிசலே அங்கே மறைவு. இந்த முடிவில் அறியாமை இல்லை, கணக்கு இருக்கிறது.

மருத்துவமனைச் சேவை போக, இத்திட்டங்களின் மற்ற இரு தூண்களும் இதே கல்லில்தான் இடறுகின்றன. சம வயதுக் கல்வியாளர் என்று ஊரிலேயே தேர்ந்தெடுக்கப்படும் பையனும் பெண்ணும் உறவுக்காரர்களாகவோ வகுப்புத் தோழர்களாகவோ இருப்பார்கள். நலத் தூதுவரான ஆசிரியர் செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போடுகிறவர். பெற்றோரை வரச்சொல்லும் அதிகாரமும் அவரிடம்தான். நல்லெண்ணம் உள்ள ஆசிரியர்கள் நிறையப் பேர். ஆயினும், தண்டிக்கும் கையிடமே அந்தரங்கத்தையும் ஒப்படைக்கச் சொல்வது அமைப்பின் பிழை. 14416 போன்ற தொலைபேசி மனநல உதவி இந்தச் சிக்கலைத் தாண்டுகிறது; தனி போன் கையில் இருக்கும் பிள்ளைக்கு. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவிடம் என்றால் அந்த எண் சுவரொட்டியோடு நின்றுவிடும்.

சட்டமும் இதைச் சிக்கலாக்குகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் தண்டனை என்கிறது 21. வன்கொடுமைக்கு எதிராக இந்தக் கடுமை தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தன் வயதுப் பையனோடு பழகிய 17 வயதுப் பெண் சந்தேகத்தோடு மருத்துவரிடம் வந்தாலும் இதே பிரிவுதான். 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதல் உறவுகளைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சுட்டிக்காட்டினார். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்கான தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. இந்த இரண்டாவது தீர்ப்பு கிராம சுகாதார செவிலியர் வரை பயிற்சியாகப் போய்ச் சேர வேண்டும். 20-24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள் என்று அதே குடும்ப நல ஆய்வு சொல்லும் மாநிலத்தில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல.

பையன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களுக்கு நடப்பதும் சுருக்கமாகவே இருக்கிறது. மாத்திரை கிடைக்கிறது, போதை எதிர்ப்பு உறுதிமொழி கிடைக்கிறது. கூல் லிப் போன்று உதட்டுக்கடியில் அடக்கும் புகையிலைப் பொட்டலங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் புழங்குவது குறித்து 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேள்வி எழுப்பியது. பிடிபட்டவனைப் பள்ளி பெற்றோரிடம் ஒப்படைக்கும், அல்லது டி.சி. பேச்சு எழும். விட வேண்டும் என்று நினைக்கிறவன் போய் நிற்க ஓர் இடம் இந்த வரிசையில் எங்கும் வருவதில்லை.

ஸ்வீடனில் 1970இல் போர்லாங்கே நகரில் தொடங்கிய இளைஞர் மருத்துவ மையம் பிறகு நாடெங்கும் பரவியது. கருத்தடையோ மனச்சோர்வோ, எதற்காக வந்தாலும் ஒரே வாசல்; செவிலியரும் உளவியலாளரும் ஒரே கூரைக்குக் கீழ். தனிக் கட்டடத்தை அப்படியே இங்கே நகலெடுத்தால் மேலே சொன்ன பலகைச் சிக்கலில் மாட்டுவோம். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே வாசல் என்பதை மட்டும். அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவிலேயே, பள்ளி விட்ட பிறகான நேரத்தில், 20 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொதுவான ஒரு மாலை ஓ.பி. நடக்கட்டும். பருவுக்கும் கண் பரிசோதனைக்கும் பல்வலிக்கும் வருகிற பிள்ளைகளோடு மற்றவர்களும் வந்து போவார்கள். யார் எதற்கு வந்தார் என்று வரிசைக்குத் தெரியாது. செவிலியர் வெளியூர்க்காரராக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. மதுரையில் 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற மனநல அமைப்புகளிடம் பயிற்சிக்கு ஆள் கேட்கலாம். பள்ளியில் பெயரில்லாமல் கேள்வி போடும் பெட்டியின் சாவி தலைமையாசிரியரிடம் இல்லாமல் அந்தச் செவிலியரிடம் இருக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்ற எதிர்வாதம் வரும். கிராம சுகாதார செவிலியரின் தலையில் ஏற்கெனவே பதிவேடுகள் மலையாகக் குவிந்திருக்கின்றன என்பதும் உண்மையே. புதிய வேலையை அவர் மேல் ஏற்றக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மாலை, ஒரு மருத்துவர், ஒரு செவிலியர் என்று ஓராண்டு நடத்திப் பார்ப்பதற்குப் புதிய பணியிடம் தேவையில்லை, மாற்றுப் பணி ஆணை போதும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குச் சத்துணவை நீட்டிப்பதற்குத்தான் பணம் வேண்டும். ஏற்கெனவே அடுப்பெரியும் சமையற்கூடத்தில் அரிசி, பருப்பு, முட்டையின் அளவு கூடுவதே அதன் பெருஞ்செலவு. மாலை ஓ.பி.யை மதிப்பிடும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணினால் ஆசிரியர்கள் வகுப்பு வகுப்பாகக் கூட்டிவந்து எண்ணிக்கையை நிரப்பிவிடுவார்கள். யாரும் கூட்டிவராமல் இரண்டாம் முறை தானாக வந்தவர்களைத் தனியாக எண்ண வேண்டும்.