பெருங்கொள்ளளவு வன்தட்டுத் தேர்வு

பெருங்கொள்ளளவு வன்தட்டு என்பது, காந்தப் பூச்சுள்ள சுழலும் வட்டுகளில் பல டெராபைட் தரவைச் சேமித்துவைக்கும் கருவி. பேச்சுவழக்கில் ஹார்ட் டிஸ்க். மேசைக் கணினி, ஒரே வீட்டில் அல்லது அலுவலகத்தில் பலருக்கும் கோப்புகளை வழங்கும் நாஸ் பெட்டி, தரவு மையம் ஆகிய மூன்றிலும் பயன்படுவது பெரும்பாலும் 3.5 அங்குல வகை. இயங்குதளமும் மென்பொருள்களும் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி.க்குக் குடிபெயர்ந்துவிட்டதால் வன்தட்டுக்கு எஞ்சியிருக்கும் வேலை மொத்தச் சேமிப்புதான்: புகைப்படம், காணொளி, கண்காணிப்புக் கேமராப் பதிவு, காப்புப் பிரதி. இந்த வேலைக்கு வாங்கும்போது நிமிடச் சுழற்சி எண்ணை முதலில் தேடுவது பழைய பழக்கம். அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. தரவு எந்த முறையில் பதியப்படுகிறது? ஒரு டெராபைட் என்ன விலைக்கு விழுகிறது? ஒரு டெராபைட்டுக்கு எத்தனை வாட் செலவாகிறது?

கொள்ளளவு பெருகிய விதம்

1956-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ரேமாக் கணினியின் வட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் இருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு இன்றைய கணக்கில் 4 மெகாபைட்டுக்கும் குறைவு. ஹிட்டாச்சி 1 டெராபைட் எல்லையைத் தொட்டது 2007-இல். அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ஆல்பர் ஃபெர்ட்டுக்கும் பீட்டர் குருன்பெர்க்குக்கும் வழங்கப்பட்டது. 1988-இல் அவர்கள் தனித்தனியே கண்டறிந்த பெருங்காந்தத்தடை விளைவை ஐபிஎம் 1997-இல் படிப்புமுனையில் புகுத்தியது. மிக மெல்லிய காந்தத் தடங்களையும் படிக்க முடிந்தது அதனால்தான். 2005-ஆம் ஆண்டிலிருந்து காந்தப் புள்ளிகளைக் கிடையாகப் பதியாமல் செங்குத்தாக நிறுத்திப் பதியும் முறை வந்து, அதே பரப்பில் இன்னும் நெருக்கமாக எழுத வழி திறந்தது.

இன்று வாங்குபவரை நேரடியாகத் தொடுவது 2013-இல் நிகழ்ந்த மாற்றம். எச்.ஜி.எஸ்.டி. நிறுவனம் உள்ளே காற்றுக்குப் பதிலாக ஹீலியத்தை அடைத்து, வாயு கசியாதபடி மூடிய 6 டெராபைட் வன்தட்டை வெளியிட்டது. ஹீலியத்தின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான். சுழலும் வட்டுகளுக்கு எதிர்ப்பு குறைகிறது, அதிர்வும் குறைகிறது. வட்டுகளை மெல்லியதாகச் செய்து, அதே பெட்டிக்குள் அதிகமாக அடுக்கலாம். அந்த முதல் மாதிரியில் 7 வட்டுகள். இப்போது 10, 11 வரை வந்துவிட்டன. 2024-இல் சீகேட் நிறுவனம், எழுதும் இடத்தை லேசரால் ஒரு கணம் சூடேற்றிப் பதியும் முறையில் 30 டெராபைட் வன்தட்டுகளை அறிவித்தது.

பதிவு முறை

வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேச வேண்டும். எழுதும் முனையை ஓர் அளவுக்கு மேல் சிறிதாக்க முடியாது; படிக்கும் முனையை அதைவிடச் சிறிதாக்கலாம். எனவே எழுதும் தடம் அகலமாகவும், படிக்கத் தேவையான தடம் குறுகலாகவும் இருக்கின்றன. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் எழுதுவது வழக்கமான முறை, சி.எம்.ஆர். என்பர். எஸ்.எம்.ஆர். முறையில், கூரை ஓடுகள் ஒன்றின் விளிம்பில் மற்றொன்று ஏறி நிற்பதுபோல, ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் ஒரு பகுதியை மூடிக்கொள்கிறது. அதே வட்டில் கூடுதல் தரவு அடங்குகிறது, விலையும் குறைகிறது.

சிக்கல் பழைய தரவைத் திருத்தும்போது வருகிறது. நடுவில் ஒரு தடத்தை மாற்றினால் அதன்மேல் படிந்த தடங்கள் எல்லாம் அழியும். ஆகவே அந்தப் பகுதி முழுவதையும் படித்து, திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. வன்தட்டு முதலில் புதிய தரவை ஒரு தற்காலிகப் பகுதியில் வாங்கிவைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றும். ஓய்வே தராமல் எழுதிக்கொண்டே போனால் அந்தப் பகுதி நிரம்பி, வேகம் விநாடிக்குச் சில பத்து மெகாபைட்டாகவோ அதற்கும் கீழாகவோ சரிகிறது. பல வன்தட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டு அமைப்பில் பழுதான வன்தட்டை மாற்றி, தரவை மீட்டெழுதும் நேரம் இடைவிடாமல் எழுதும் நேரம். அப்போது இந்தத் தாமதத்தைப் பழுது என்று எண்ணி, புதிய வன்தட்டையே அமைப்பு வெளியேற்றிவிடக்கூடும்.

2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் பயன்பாட்டுக்கென்றே விற்ற ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாதிரிகளில் எஸ்.எம்.ஆர். இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டது. பின்னர் சி.எம்.ஆர். மாதிரிகளை ரெட் பிளஸ் என்று பெயர் பிரித்தது. வாங்குபவருக்குச் சொல்லாமல் பதிவு முறையை மாற்றியதை நியாயப்படுத்தவே முடியாது. இன்று தயாரிப்பு நிறுவனங்கள் மாதிரி எண் வாரியாகப் பட்டியல் வெளியிடுகின்றன. பெட்டியின் மேலுள்ள வரிசைப் பெயரை நம்பாமல் முழு மாதிரி எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எஸ்.எம்.ஆர். எல்லா இடத்திலும் ஒதுக்கத்தக்கதும் அல்ல. ஒருமுறை எழுதிப் பலகாலம் வைத்திருக்கும் காப்புப் பிரதிக்கு அது போதும். எழுதும் வரிசையை மென்பொருளே ஆளும் தரவு மையங்கள் அதை நன்றாகப் பயன்படுத்துகின்றன. டிராப்பாக்ஸ் 2018 முதலே அப்படிச் செய்கிறது. ரெய்டு அமைப்புக்கும், கோப்புகள் அடிக்கடி மாறும் வேலைக்கும் சி.எம்.ஆர். தவிர வேறு தேர்வு கூடாது.

வேகம்

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை 8.3 மில்லிவிநாடியில் முடிக்கிறது. தேவையான இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, 4.2 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். 5,400 சுழற்சியில் அது 5.6. முனை தடம் தேடி நகரும் 8 முதல் 12 மில்லிவிநாடியையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு முன்னதில் 80 முறை, பின்னதில் 60 முறை அளவில் எடுக்கலாம். எஸ்.எஸ்.டி. இதையே பல்லாயிரம் முறை செய்யும். சிறு கோப்புகளுக்கு வேகம் வேண்டுமென்றால் 7,200 சுழற்சியில் தீர்வு இல்லை. அந்தப் பணம் ஓர் எஸ்.எஸ்.டி.க்குப் போக வேண்டும்.

தொடர்ச்சியாகப் படிக்கும், எழுதும் வேகம் வேறு கணக்கு. தடத்தில் தரவு நெருக்கமாக இருப்பதால், ஒரே சுற்றில் முனைக்குக் கீழே அதிகத் தரவு கடக்கிறது. 16 டெராபைட் வன்தட்டு வெளித்தடங்களில் விநாடிக்கு 250 மெகாபைட்டுக்கு மேல் தரும். உட்தடங்களில் ஏறத்தாழப் பாதி. ஆனால் கிகாபிட் வலைப்பின்னல் கடத்துவதே விநாடிக்கு 110 மெகாபைட் அளவுதான். கேமரா ஒன்றுக்கு 8 மெகாபிட் வீதம் 16 கேமராக்கள் சேர்ந்தாலும் விநாடிக்கு 16 மெகாபைட். இந்த இரண்டு வேலைக்கும் 5,400 சுழற்சியே தாராளம்.

மின்செலவு

வாயு உராய்வில் வீணாகும் ஆற்றல், சுழற்சி வேகத்தின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் உயர்கிறது. 5,400-லிருந்து 7,200-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். உராய்வு இழப்போ இரண்டு மடங்கைத் தாண்டும். காற்றடைத்த பழைய 4 டெராபைட், 7,200 சுழற்சி வன்தட்டுகள் வேலையின்றிச் சுழலும்போதே 7, 8 வாட் எடுத்தன. அதே கொள்ளளவில் 5,400 வகை 3, 4 வாட்டில் நின்றது. ஹீலியம் அடைத்த 16 டெராபைட் வன்தட்டு 7,200 சுழற்சியிலும் 5 வாட் அளவில் ஓடுகிறது. கடுமையான வேலையில் 10 வாட்டை நெருங்கும்.

ஒரு வாட் ஆண்டு முழுதும் ஓடினால் 8.76 யூனிட். சிக்கனமான நான்கு 4 டெராபைட் வன்தட்டுகள் சேர்ந்து 13 வாட் எடுக்கின்றன என்று கொள்வோம். அதற்குப் பதில் ஒரு 16 டெராபைட் வன்தட்டு வைத்தால் 8 வாட் மிச்சம். ஆண்டுக்கு 70 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 560 ரூபாய், ஐந்தாண்டில் 2,800 ரூபாய். பெரிய வன்தட்டு பழுதானால் எல்லாம் போய்விடுமே என்ற அச்சத்துக்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. இரண்டு 16 டெராபைட் வன்தட்டுகளில் ஒரே தரவை இரட்டையாக வைத்தாலும் 10 வாட்தான்; நான்கு சிறியவற்றில் அதே தரவு ஒற்றைப் பிரதியாகத்தான் இருக்கும். மின்சாரமும் பெட்டியில் பிடிக்கும் இடமும் சேர்ந்து, குறைந்த எண்ணிக்கையில் பெரியனவற்றை வாங்குவதற்கே சாதகமாக இருக்கின்றன.

சுழற்சியை நிறுத்தி ஓய்வில் வைத்தால் செலவு ஒரு வாட் அளவுக்கு இறங்கும். நாளில் ஒன்றிரண்டு முறை மட்டும் தேவைப்படும் காப்புப் பிரதிக்கு அது நல்ல ஏற்பாடு. அடிக்கடி நிறுத்தித் தொடங்குவது தீங்கு. முனையை அடிக்கடி வட்டிலிருந்து விலக்கி ஒதுக்குவதும் அப்படியே. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய கிரீன் வரிசை, 8 விநாடி வேலை இல்லாவிட்டால் முனையை ஒதுக்கிவிடும். இது நிமிடத்துக்கு ஒரு முறை நடந்தால், தாங்குமென்று குறிப்பிட்ட 3 லட்சம் முறை ஏழே மாதத்தில் தீரும். வட்டு சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 25 வாட் வரை இழுக்கும். நான்கைந்து வன்தட்டுகள் ஒன்றாகத் தொடங்கும் பெட்டிக்கு மின்வழங்கியைத் தேர்ந்தெடுக்கையில் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

விலை

விலையை டெராபைட்டால் வகுத்துப் பார்ப்பதே ஒப்பிடும் வழி. மிகச் சிறியதில் மோட்டாரும் பெட்டியும் விலையைத் தின்கின்றன. புதிதாக வந்த மிகப் பெரியதில் புதுமைக்குக் கூடுதல் விலை. உச்சத்துக்கு ஓரிரு படி கீழே உள்ள அளவு பெரும்பாலும் மலிவாக விழும். சந்தையில் எஞ்சியவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூன்றே. ஆகவே எங்கோ ஒரு தடங்கல் உலகம் முழுதும் விலையை உயர்த்தும். 2011 தாய்லாந்து வெள்ளத்தில் அயுத்தயா பகுதித் தொழிற்சாலைகள் மூழ்கியபோது அதுதான் நடந்தது. 2021-இல் சியா என்ற மறையீட்டு நாணயம் பெரிய வன்தட்டுகளை வாரிக்கொண்டபோதும் விலை ஏறியது.

உத்தரவாதக் காலமும் விலையின் பகுதியே. மேசைக் கணினி வகைக்கு 2 ஆண்டு, நாஸ் வகைக்கு 3 ஆண்டு, தரவு மைய வகைக்கு 5 ஆண்டு என்பது பொதுவான நிலை. ஆண்டுக்குக் கையாளத்தக்க தரவின் அளவும் முறையே 55, 180, 550 டெராபைட் என்று வேறுபடுகிறது. தரவு மைய வகையின் டெராபைட் விலை பல நேரம் நாஸ் வகையோடு ஒட்டியே இருக்கும். அதன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதுவே சிறந்த பேரம். படுக்கையறையில் வைக்க ஏற்றதல்ல.

நம்ப முடியாத மலிவைச் சந்தேகிக்க வேண்டும். பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் வன்தட்டுகளின் பயன்பாட்டு எண்ணைச் சுழியமாக்கிப் புதியதென்று விற்ற மோசடி 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிப்பட்டது. வாங்கிய உடன், வன்தட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் ஓடிய நேரத்தையும் (சுழியமாக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது) மாற்றப்பட்ட பழுதுப் பிரிவுகளின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டு, உத்தரவாதத்தை வரிசை எண் கொண்டு தயாரிப்பாளர் தளத்தில் உறுதி செய்ய வேண்டும். பிறகு முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதி, ஒருமுறை படித்துச் சோதிப்பது நல்லது. சராசரியாக விநாடிக்கு 200 மெகாபைட் என்றால், 16 டெராபைட்டை எழுத 22 மணி நேரமும் படிக்க அதே நேரமும் பிடிக்கும். கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இதைச் செய்து முடித்து, அதற்குப் பிறகே தரவை ஏற்ற வேண்டும்.