கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ தடித்த கண்ணாடி அணிந்து அமர்ந்திருக்கும் படம் ஒன்று இருந்தாலும் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னே அவர்களுடைய கண்கள் இயல்பைவிடப் பெரிதாகத் தோன்றும். ‘சோடாப்புட்டி’ என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். என் பாட்டியும் அப்படிப்பட்ட கண்ணாடிதான் அணிந்திருந்தார். கண் அறுவை முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், படியிறங்க அவருக்கு என் அம்மாவின் கை வேண்டியிருந்தது. பார்வை திரும்பிய பின்னும் எதற்குத் துணை? சிறுவயதில் எனக்கு இது விளங்கவில்லை. இயற்பியல் படித்த பிறகே விளங்கிற்று.

புரை ஏன் தோன்றுகிறது?

நம் கண்மணிக்குப் பின்னால் குவிவு வில்லை ஒன்று உள்ளது. அது நீராலும் புரதங்களாலும் ஆனது. வயது ஏற ஏற அப்புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு, தெளிவை இழக்கின்றன. முட்டையின் வெண்கரு வெந்ததும் ஒளியை விடாமல் வெளுத்துப் போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ அதே போன்ற மாற்றம், வெப்பமின்றி, மிக மெதுவாக நடைபெறுகிறது எனலாம். இதுவே கண்புரை.

இதற்கான மருத்துவம் மிகப் பழமையானது. கூரிய கருவியால் புரையைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கித் தள்ளும் முறை சுசுருத சம்ஹிதையில் விவரிக்கப்பட்டுள்ளது. புரை விலகியதும் வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் சீழ் பிடித்துக் கண்ணே போய்விடும் ஆபத்தும் உண்டு. 1747-ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல், புரையைத் தள்ளுவதற்குப் பதில் கண்ணைத் திறந்து வெளியே எடுத்தார். அறுவை முறையில் இது பெரிய திருப்பம்.

ஆனால் நோயாளியின் பாடு எளிதாகவில்லை. வெட்டிய இடம் விலகாதிருக்கப் பல நாட்கள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் பைகளை வைப்பார்கள். இருமக்கூடாது, குனியக்கூடாது. ஊட்டுவது, துடைப்பது, இரவில் விழித்திருப்பது எல்லாம் உடன் வந்தவரின் வேலை. மருத்துவ வரலாற்றில் இவர்கள் பெயர் எங்கும் இல்லை. இவர்கள் இல்லாமல் அந்த அறுவை பலித்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

தடித்த கண்ணாடியின் கணக்கு

இனி என் பாட்டியின் படிக்கட்டுக்கு வருவோம். கண்ணின் குவிக்கும் திறன் மொத்தம் சுமார் 60 டயாப்டர். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழிவில்லையுடையது. வில்லையை எடுத்துவிட்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய, கண்ணுக்கு முன்னால் சுமார் 10 டயாப்டர் திறனுள்ள கண்ணாடி வேண்டும்.

அது கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுத் தள்ளி நிற்பதால், பிம்பம் ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகிறது. பொருள்கள் உள்ளதைவிட அருகில் இருப்பதாகத் தோன்றும். படி இருக்குமிடம் வேறு, தெரியுமிடம் வேறு! காப்பியைத் தம்ளரில் ஊற்றினால் வெளியே கொட்டும். ஓரப் பார்வையிலும் ஒரு வளையம் மறைந்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்திருந்தால் இரண்டு கண்களின் பிம்பங்களும் ஒன்றுசேரா. கண்ணாடி உடைந்துவிட்டாலோ, மீண்டும் இருள்தான். என் பாட்டி அம்மாவின் கையை விடாததற்குக் காரணம் இதுதான்.

விமானக் கூண்டின் துணுக்கு

இச்சிக்கலுக்கு விடை போர்க்களத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்களில், உடைந்த விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துணுக்குகள் தைத்தன. அவை உள்ளேயே தங்கியும் கண் அழற்சி கொள்ளவில்லை என்பதை மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று, லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில், அதே பிளாஸ்டிக்கால் ஆன வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

முதல் முயற்சியில் ஒரு குறை. நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. வில்லையின் திறன் மிகுந்துவிட்டது. வளைவு ஒன்றாகவே இருந்தாலும், ஒளிவிலகல் எண் கூடினால் திறன் கூடும் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததே. இயற்கை வில்லையின் சராசரி எண் சுமார் 1.42, பெர்ஸ்பெக்ஸின் எண் 1.49. பின்னர் வளைவு குறைக்கப்பட்டது. கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று மூத்த மருத்துவர்கள் பலர் எதிர்த்தனர். சில கண்களிலிருந்து வில்லைகளை எடுக்கவும் நேர்ந்தது. ஆயினும் காலப்போக்கில் முறை செம்மைப்பட்டது. பின்னாளில் ரிட்லியின் கண்களிலேயே அத்தகைய வில்லைகள் பொருத்தப்பட்டன!

மதுரையின் பங்கு

வில்லை வந்தது; விலைதான் எட்டவில்லை. மருத்துவர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போயிருந்தன. தமக்கேற்ற கருவிகளைக் கொண்டு அவர் அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது இறக்குமதி வில்லை ஏழைகளுக்குக் கனவு. 1992-இல் அங்கேயே ஆரோலேப் நிறுவப்பட்டு, சுமார் 100 டாலர் விற்ற வில்லை 10 டாலர் அளவுக்கு இறங்கியது.

முகாம்கள் வேறொரு பாடத்தையும் கற்பித்தன. சிகிச்சை இலவசம் என்றாலும் முதியோர் பலர் வரவில்லை. உடன் வர ஆளில்லை. வருபவருக்கு அன்றைய கூலி போகும். எனவே பேருந்தில் அழைத்துச் செல்வது, உணவளிப்பது, திரும்பக் கொண்டுவந்து விடுவது ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளாயின.

நீங்கள் செய்யக்கூடியது

இன்று அறுவை முடித்த அன்றே பெரும்பாலோர் வீடு திரும்புகிறார்கள். எனினும் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து விட ஒரு கை வேண்டும். அது எப்போதும் ஒரே மகளின் கையாகவோ மருமகளின் கையாகவோ இருக்க வேண்டியதில்லை. வேளைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ளோர் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. “இப்போதெல்லாம் கண்ணாடியில்லாமலே பேப்பர் படிக்கிறேன்” என்று உங்கள் தந்தை மகிழ்ந்து சொன்னால், நீங்களும் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். வில்லையின் நடுப்பகுதி இறுகி, அதன் ஒளிவிலகல் எண் கூடியிருக்கலாம். அது புரையின் தொடக்கமாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். படியிறங்கும்போது கையைக் கொடுங்கள்.