செத்த வைரஸுக்கே அலறிய செல்

இன்னைக்கு ஒரு காய்ச்சலோட வரலாறு.

1957 மே மாதம். சிங்கப்பூர்ல இருந்து ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருது. ஆலங்குடிப் பக்கத்துல இருந்து அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போனவங்களுக்கு ஊர் திரும்ப அப்போ கடல்தான் வழி. அந்தக் கப்பல்ல வந்தவங்க பலருக்கும் காய்ச்சல். 'ஆசிய ஃப்ளூ' இந்தியாவுக்குள்ள நுழைஞ்சது அப்படித்தான். அடுத்த பிப்ரவரிக்குள் அரசுக் கணக்கில் ஏறியவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 1,098. கணக்கில் வராத கிராமங்கள் எத்தனையோ!

அதே வருஷம் லண்டன்ல அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான்னு ரெண்டு பேர், சூடுபடுத்திச் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸைக் கோழிக்கருவின் சவ்வு மேல விட்டாங்க. பிறகு அந்தச் சவ்வு ஊறிய திரவத்தை எடுத்துப் புதுச் சவ்வில் சேர்த்தா, அங்கே உயிருள்ள வைரஸால வளர முடியல! செல் ஏதோ ஒண்ணைச் சுரந்து பக்கத்து வீட்டை உஷார்படுத்தியிருக்கு. அதுக்கு 'இன்டர்ஃபெரான்'னு பேர் வெச்சாங்க.

சரி, வைரஸ் வந்திருக்குன்னு செல்லுக்கு எப்படித் தெரியும்? பதில் வர அரை நூற்றாண்டு ஆச்சு. 2004-ல் ஜப்பானில் தகாஷி ஃபுஜிதா குழு, செல்லுக்குள்ள காவல் நிற்கிற ரிக்-ஐ என்ற புரதத்தை அடையாளம் காட்டியது. நம்ம தூது ஆர்என்ஏவின் முனையில் ஒரு மூடி இருக்கும். ஃப்ளூ வைரஸோட ஆர்என்ஏ முனையில் அது இல்லை. மூணு பாஸ்பேட் அப்படியே வெளியே தெரியும். ரிக்-ஐ அதைப் பிடிச்சதும் இன்டர்ஃபெரானும் அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்களும் சுரக்கும். சைட்டோகைன்களோட சேதி மூளைக்குப் போனா உடம்புச் சூடு ஏறும், குளிர் நடுக்கும், கைகால் உளையும்.

பாட்டி 'விஷக்காய்ச்சல்'னு கம்பளி போர்த்தி விடுவாங்களே, அந்தச் சூட்டை மூட்டுறது பெரும்பாலும் நம்ம உடம்புதான். சாட்சி வேணுமா? பின்னாளில் மஞ்சள்காமாலை வைரஸுக்கு இன்டர்ஃபெரானையே ஊசியாப் போட்டாங்க. அந்த ஊசியில் வைரஸே கிடையாது. ஆனாலும் காய்ச்சலும் உடம்புவலியும் வந்துச்சு.

இதே நெருப்பு அளவு மீறினா? 2020-ல் கொரோனா வார்டுகளில் பார்த்தோம். வைரஸைத் தொடவே தொடாத, அழற்சியை மட்டும் அடக்குற டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அதனால் பலன் இல்லை. அவங்களுக்கு அந்த நெருப்பு இன்னும் வேலை செஞ்சுக்கிட்டிருந்தது.